வெஸ்காவின் கோதுமை

1987 மார்ச், புதன்கிழமை

இன்று ஹோட்டல் சமையலறைக்கு வெஸ்கா ஒரு கிண்ணத்தில் அவித்த கோதுமை கொண்டுவந்தாள். மேலே சீனி தூவியிருந்தது. பல்கேரியாவில், அவளுடைய மலைக்கிராமத்தில், அம்மா இறந்து இன்று நாற்பதாம் நாளாம். தப்பி வந்தவள், திரும்பிப் போக வழியில்லை. ஊரென்றால் வாசலில் நின்று போகிற வருகிற எல்லோருக்கும் கொடுத்திருப்பாளாம். இங்கே எவரும் கை நீட்டவில்லை. கோப்பை கழுவிய ஈரக்கையை நான் நீட்டினேன்.

தின்றுவிட்டு நன்றி சொன்னேன். எங்கள் இருவரின் ஜெர்மனும் அரைகுறைதான்.

"இதுக்கு நன்றி சொல்லக்கூடாது," என்றாள்.

"எங்கட ஊரிலயும் செத்தவீட்டில 'போயிட்டு வாறன்' எண்டு சொல்லிறேல்லை," என்றேன்.

"உனக்கும் ஆரும் செத்திருக்கினமோ?"

"ஓம், அப்பா. போன வருசம். ஊருக்குப் போகேலாமப் போச்சு."

அப்பாவின் பெயரைக் கேட்டாள். அதைப் பிழையாக உச்சரித்து, இன்னொரு கரண்டி கோதுமையை என் கையில் வைத்தாள். அழுதுவிடக்கூடாதென்று மென்றுகொண்டே நின்றேன்.

வேலை முடிந்து ஒன்றாக வரும் ட்ராமிலிருந்து ஓர்லிகோன் தரிப்பில் நான் இறங்கும்போது தினமும் 'ச்சூஸ்' என்று கத்தி விடைகொடுக்கிறவள், இன்று வாய் திறக்கவில்லை. நானும் பேசாமல் இறங்கினேன். அப்பாவின் செத்தவீட்டுக்கு, என் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்துபோயிருக்கிறாள்.