சாமானறைச் சாவி

ஜூன் 3
இன்று எங்கள் பொதுச் சமையல்கூடத்தில் எண்பத்திரண்டு பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஓட்ஸ் கஞ்சி, பருப்பு, சோறு. லிமாவின் இந்தப் பனியில் விறகு பிடிக்கவே மாட்டேன் என்றது. சாமானறையில் மீன் டப்பா நான்கு குறைகிறது. சாவி இருவரிடம்தான்: சமையல்கூடத் தலைவி ரொசாவுரா, நான்.

ஜூன் 6
இன்னும் மூன்று. நான் எடுக்கவில்லை. அப்படியானால்?

ஜூன் 9
ரொசாவுராவின் பை கனமாகத் தெரிந்தது.
"உள்ள என்ன அக்கா, கல்லா?"
"ஆமாடி நெலிதா, உன் தலையில போடத்தான்."
எல்லோரும் சிரித்தார்கள். பையை மட்டும் திறக்கவில்லை.
ஊமை என்று என் புருஷன் பெனிக்னோ கேலி செய்த என்னைக் கூட்டத்தில் எழுந்து பேச வைத்தவள் அவள். அவள் மேலா சந்தேகம்? ஆனால் டப்பா குறைகிறதே.

ஜூன் 13
கூட்டத்தில் எழுந்து பேசினேன். "அக்கா சாவியக் கொடுத்துடணும்."
ரொசாவுரா பையைக் கவிழ்த்தாள். உருளைக்கிழங்குத் தோல். வீட்டில் வளர்க்கும் கினிப்பன்றிகளுக்காம். இன்றைக்குத் தோல், அன்றைக்கு?
சாவியை மேசைமேல் வைத்தாள். "பிள்ளைங்க பசியோட போகாம பாத்துக்க" என்றாள். போய்விட்டாள்.
பூட்டை மாற்றினோம். ஒரே சாவி. என்னிடம்.

ஜூன் 17
ஐந்து டப்பா காணோம். ஐந்து!
பூட்டு உடையவில்லை. சாவி ராத்திரியெல்லாம் என் தலையணைக்கடியில்தான். அப்ப யாரு? என் வீட்டுக்குள்ளயா... சீ, என்ன நெனப்பு இது?

ஜூன் 18
விடிந்தும் தூங்குவதுபோல் கிடந்தேன். தலையணைக்கடியில் ஒரு கை நுழைந்தது. பிடித்துக்கொண்டேன். பெனிக்னோ.
"ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் ஆக்கிப் போடுற. புருஷன் நாலு டப்பாவ வித்து பீர் குடிச்சா குத்தமா?"
மதியம் வரிசையில் நின்ற பிள்ளைகள், தாய்மார்கள் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "திருடன் என் வீட்டுலதான். ரொசாவுரா அக்கா மேல தப்பில்ல."
பிறகு மேடேறி அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டாள். உள்ளே கூப்பிடவில்லை.

ஜூன் 24
ரொசாவுரா திரும்பிவிட்டாள். என்னிடம் வேலைப் பேச்சு மட்டும். "உப்பு." "தண்ணி."
பெனிக்னோவின் துணிமூட்டையை நேற்று அவன் அண்ணன் வந்து வாங்கிப் போனான்.
இன்று தொண்ணூற்றொரு பிள்ளைகள். கடைசியாக நின்ற என் மகள் மாய்த்தேக்கு நான் பரிமாறும்போது, ரொசாவுரா கரண்டியை என் கையிலிருந்து வாங்கி, அவள் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கு வைத்தாள்.