காவல் உள்ளே போனதா

மார்ச் 3

என் வாலுவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? உன் அண்ணன் பாலம் கட்டும் வேலையில் மேலாளர் ஆகிவிட்டான். சித்தி மகள் நீச்சலில் முதல். அவள் தம்பி கணக்கில் நூற்றுக்கு நூறு. எல்லாருக்கும் மேலே நீ. சதைத் துணுக்கைப் பார்த்தே நோயின் புத்தியைப் படித்துவிடுகிறாய். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு இப்படிப் பேரப்பிள்ளைகள் என்று மாடிப்படியில் எதிர்ப்படும் ஒருத்தரையும் நான் விடுவதில்லை.

இப்போது அந்த வாயெல்லாம் அடைத்துப்போயிற்று. உன் அம்மாவின் மார்புக் கட்டியில் வெட்டிய துணுக்கு உங்கள் ஆய்வகத்துக்குத்தான் வருகிறதாம். “அவகிட்ட ஒண்ணும் கேட்காதம்மா, பயந்துடுவா” என்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை. நோய் எப்படிப் போகும்? பூசி மெழுகாமல் எழுது.

உன் பாட்டி

மார்ச் 15

அன்புள்ள பாட்டி,

சொந்த அம்மா என்பதால் அந்தத் துணுக்கை என்னிடம் தரவில்லை. கூட வேலை செய்பவரிடம் கெஞ்சித்தான் பார்த்தேன்.

நம் உடம்பில் காவல்காரர் மாதிரி சில அணுக்கள் உண்டு. அவர்கள் கட்டிக்குள் நிறையப் புகுந்திருந்தால் நோய் பெரும்பாலும் அடங்கிப் போகும். அம்மாவுக்கு எல்லாரும் வெளியிலேயே சுற்றி நிற்கிறார்கள். உள்ளே யாருமில்லை. வேகமாகப் பரவும் வாய்ப்பு அதிகம். நிச்சயம் என்று சொல்லவில்லை, பாட்டி.

இந்தக் கடிதத்தோடு துணுக்கின் படம் வைத்திருக்கிறேன். பழுப்புப் புள்ளிகள்தான் காவல். அவர்களை உள்ளே அனுப்பும் மருந்து தரப்போகிறார்கள். பிறகு இன்னொரு துணுக்கு வெட்டிப் பார்ப்பார்கள்.

உங்கள் வாலு

மார்ச் 28

என் கண்ணே,

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பூதக்கண்ணாடியால் மூலை மூலையாகத் தேடினேன். நடுவில் ஒரு புள்ளி இருந்தது. உயிர் வந்தது. நகத்தால் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. காபித்தூள்.

வாசல்வரை வந்தவர்களுக்கு உள்ளே போக என்ன கேடு? வாய்விட்டே திட்டிவிட்டேன். “யாரைம்மா திட்டுற?” என்றாள் உன் அம்மா. “டிவியில வர்றவனை.” “டிவியே ஓடலையேம்மா” என்று சிரித்தாள். சிரிப்பிலேயே மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

நேற்று மருந்து ஏற்றினார்கள். கஞ்சிகூடத் தங்கவில்லை.

அடுத்த துணுக்கில் காவல் உள்ளே போயிருந்தால் அந்தப் படத்தை அனுப்பு. போகவில்லை என்றால் எனக்கு ஒரு வரியும் எழுதாதே. நல்லதாக உடுத்திக்கொண்டு, உன்னைப் புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு. நான் புரிந்துகொள்வேன். உன் அம்மா கையில் கொடுக்க எனக்கு ஒரு படம் வேண்டும்.

உன் பாட்டி