குங்குமக் கோடு போட்ட கேன்

அடி அண்ணாமலை
2.1.1994, ஞாயிறு இரவு

அன்புள்ள ஆதவன் அண்ணனுக்கு,

உன் தங்கை தென்றல் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, அப்பா, நான், போன வாரம் குட்டி போட்ட ஆடு எல்லோரும் நலம். அங்கே லடாக் பனியில் நீ நலமா என்று கேட்பதைவிட, உன் அறையில் கணப்பு எரிகிறதா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். எப்போதும் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், நீயும் அதை அம்மாவின் கடிதமாகத்தான் படிப்பாய். இது அவளுக்குத் தெரியாமல் எழுதுவது. அப்பா டீக்கடையிலேயே படுத்துவிட்டார். லைட் போட்டால் அம்மா விழித்துக்கொள்வாள் என்று சின்ன விளக்கை ஏற்றி, நெல் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். எலி ஓடினால்கூட எழுதுவதை விட்டு விளக்கை மறைக்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

கார்த்திகை தீபத்தின்போது உன் கடிதம் வந்தது அல்லவா, அதில் இந்த வருஷம் பனி சீக்கிரமே விழுந்து லாரி வரும் பாதை அடைத்துவிட்டது, கணப்பு அடுப்புக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் கம்மியாக இருக்கிறது, ராத்திரியில் கொஞ்ச நேரம்தான் எரியவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். நான் சத்தமாகப் படித்தேன். மிலிட்டரிக்காரனுக்கு இதெல்லாம் சகஜம்மா என்றார் அப்பா. அம்மா வாசலுக்குப் போய் மலை உச்சியைப் பார்த்தபடி நின்றாள். தீபம் ஜோராக எரிந்துகொண்டிருந்தது. அவ்ளோ நெய்ல ஒரு சொம்பு என் புள்ள கிட்ட போய்ச் சேரக் கூடாதா என்று அண்ணாமலையாரிடமே கேட்டாள். அவர் பதில் சொல்லாததால் மறுநாளிலிருந்து அவளே வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

ரேஷனில் வாங்கும் மண்ணெண்ணெயில் ஒரு சொட்டுகூட இப்போது அடுப்புக்குப் போவதில்லை. வெள்ளைக் கேன் ஒன்றில் ஊற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்து, எண்ணெய் நிற்கும் இடத்தில் குங்குமத்தால் கோடு போட்டிருக்கிறாள். அப்பா கடைக்குக் கொஞ்சம் கேட்டார், நீங்க இன்னா பனியிலயா நின்னு டீ ஆத்தறீங்க என்று அனுப்பிவிட்டாள். அதனால் பம்ப் ஸ்டவ் பரண் ஏறிவிட்டது, கடையில் விறகு அடுப்பு. போன பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த மெட்ராஸ்காரர் ஒருவர் புகை வாசனையோடு டீயைக் குடித்துவிட்டு, ஆஹா, இதாங்க அசல் கிராமத்து டீ என்று இன்னொன்று வாங்கினார். அன்றிலிருந்து அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கண் சிவந்து இருமிக்கொண்டே, ஸ்பெஷல் விறகு டீ என்று சிலேட்டில் எழுதி மாட்டியிருக்கிறார்.

இதுவரைக்கும் சிரிப்புதான். இனிமேல்தான் பயம். மேட்டுத் தெரு தருமன் அண்ணன் லீவில் வந்திருக்கிறார், தைப்பூசம் முடிந்து உங்கள் முகாமுக்குத்தான் திரும்புகிறார். அவரிடம் அந்தக் கேனைக் கொடுத்தனுப்பப் போகிறாள் அம்மா. அத்த, ரயில்ல கிருஷ்ணாயில் எடுத்துனு போனா என்னைப் புடிச்சு உள்ள போட்டுடுவாங்க என்று அவர் கெஞ்சினார். மேல நல்லெண்ணெய்னு எழுதி ஒட்டிடலாம்டா, எவன் மோந்து பாக்கப் போறான் என்றாள். அதை எழுதப்போவதும் நான்தான். அத்த, அங்க அத்தினி பேரு இருக்கோம், இது எந்த மூலைக்கு என்றார். அப்ப என் புள்ள கட்டில் பக்கத்துல மட்டும் வெச்சுடு என்றாள். வாய் நிறைய முறுக்கு இருந்ததால் அவரால் மேலே பேச முடியவில்லை, தலையை ஆட்டிவிட்டார். அம்மா விடுவாளா, உடனே கற்பூரம் ஏற்றிச் சத்தியமும் வாங்கிவிட்டாள். இனி அவர் வழியில் கொட்டவும் மாட்டார். டிரங்குப் பெட்டியில் முறுக்குக்கும் அதிரசத்துக்கும் நடுவில் அந்தக் கேன், சீட்டுக்கு அடியில் யாராவது பீடியைப் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன். உங்கம்மா கிட்ட நீயே சொல்லு, பால் பொங்குது என்று நழுவிவிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மார்கழிப் பனியில் அம்மா விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறாள். விறகில் வெந்நீர் வைக்கட்டுமா என்றால், புள்ள அங்க வெறைச்சுனு கெடக்கான், எனக்கு எதுக்குடி சுடுதண்ணி என்கிறாள். பழைய இழுப்பு திரும்ப வந்துவிட்டது. இப்போதும் சுவருக்கு அந்தப் பக்கம் விசில் மாதிரி கேட்கிறது. அது நின்றால் விழித்துவிட்டாளோ என்று பயம், கேட்டுக்கொண்டே இருந்தாலும் பயம்.

அதனால் அண்ணா, இது கிடைத்த உடனே அம்மாவுக்கு ஒரு கடிதம் போடு. ஹெலிகாப்டரில் எண்ணெய் வந்துவிட்டது, கணப்பு விடிய விடிய எரிகிறது, வேர்க்கிறது என்று எழுது. வேர்க்கிறது கொஞ்சம் ஜாஸ்தி, அம்மா நம்பமாட்டாள், அதை விட்டுவிடு. நீயும் வெந்நீரில் குளி என்று கடைசியில் ஒரு வரி சேர், நீ சொன்னால் கேட்பாள். அந்தக் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டுவேன், குரல் மாறாமல் படித்துவிடுவேன். ஆனால் எனக்கு நிஜத்தை எழுது. பள்ளிக்கூட முகவரிக்கு, கஸ்தூரி டீச்சர் பெயர் போட்டு அனுப்பு, அவர் என்னிடம் கொடுத்துவிடுவார். ராத்திரியில் எவ்வளவு நேரம் எரிகிறது, கால் விரல் மரத்துப்போகிறதா, எல்லாம் எழுது. ஒன்பதாம் வகுப்பு வந்துவிட்டேன், தாங்கிக்கொள்வேன்.

அம்மா வழக்கமாகச் சொல்வதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முடிந்த மாதிரியே இல்லை. சாக்ஸை ஈரத்தோடு போடாதே. காதை மூடிக்கொள். வெறும் வயிற்றோடு டியூட்டிக்குப் போகாதே. சண்டை போடுகிறவர்களிடமிருந்து தள்ளியே இரு. (நீ மிலிட்டரியில் இருக்கிறாய் என்பது அம்மாவுக்கு அவ்வப்போது மறந்துவிடுகிறது.) அண்ணாமலையார் துணையிருப்பார், நூறு வயசு நல்லா இரு. சின்னவள் நான் ஆசீர்வாதம் பண்ணக் கூடாது, அம்மாவுக்குப் பதிலாகப் பண்ணியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. விளக்கில் எண்ணெய் இல்லாததால் உன் கேனிலிருந்துதான் ஊற்றினேன். குங்குமக் கோட்டுக்குக் கீழே கொஞ்சம் இறங்கிவிட்டது. கோட்டை அழித்துத் தாழ்த்திப் போடலாம் என்று சிமிழைக்கூட எடுத்தேன், கை வரவில்லை. காலையில் அம்மா கேட்டால் என்ன சொல்வேனோ தெரியாது. ஒருவேளை உன் பதில் வருவதற்குள் தருமன் அண்ணன் கேனோடு அங்கே வந்து நின்றுவிட்டால், எண்ணெய் கோட்டுக்குக் கீழே இருக்கிறதே என்று அவரைக் கேட்காதே. வழியில் சிந்தவில்லை. அதுவும் உனக்காகத்தான் எரிந்தது.

அம்மாவுக்காகவும் சேர்த்து,
உன் தங்கை
ப. தென்றல்