இட்லிச் சட்டியில் வைத்த இன்ஹேலர்

திண்டுக்கல்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள நான்சிக்கு,

அப்பாவும் நானும் நலம். எனக்குக் காலையில் மட்டும் மூச்சு கொஞ்சம் இழுக்கிறது, மற்றபடி குறையில்லை. நீ நலமாக இருப்பதாக மாடி வீட்டுச் செல்வி அத்தை சொல்லித் தெரிந்துகொண்டேன், அது அப்படியே நீடிக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். அம்மா ஏன் போனை விட்டுவிட்டுக் காகிதம் எடுத்தாள் என்று யோசிப்பாய். போனில் நீ சாப்பிட்டீர்களா என்பாய், நான் சாப்பிட்டோம் என்பேன், எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இது எட்டு நிமிடத்தில் சொல்லக்கூடியது இல்லை. அப்பா நேற்று ஆயக்குடிக் கொய்யா இரண்டு கிலோ வாங்கி வந்தார், பாதி மாடிக்குப் போய்விட்டது. பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாதிப் பாடம் இன்னும் பாக்கி. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

உன் கம்பெனியில் நீ வடிவமைத்த இன்ஹேலர் பற்றித்தான் எழுதுகிறேன். வெளிக்கூட்டை ஐந்து வருடம் வைத்துக்கொண்டு உள்ளே போடும் மருந்துக் குப்பியை மட்டும் மாற்றினால் போதும், மாதாமாதம் பிளாஸ்டிக்கைக் குப்பையில் போட வேண்டாம் என்று நீ விளக்கியபோது நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன், ஆனால் உன்னிடம் சொல்லவில்லை, எனக்குச் சட்டென்று பாராட்ட வராது என்பது உனக்குத் தெரியும். நம் ஊர் கிளினிக் மூலம் இருபது பேருக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறோம், பெற்றோர் சேரக்கூடாது என்பது கம்பெனி விதி என்றாய், சரி என்றேன். அடுத்த வாரமே பெட்டி மாடிக்குப் போனது. அத்தை பெற்றோர் இல்லையாம். பன்னிரண்டு வருடமாக இழுப்பு எனக்கு, செல்விக்கு நாலு வருடமாகத்தான். அன்று நான் இதைப் பேசவில்லை. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நீ அவளிடம் நாற்பது நிமிடம் பேசினாய், எந்த விரலால் அழுத்துகிறாள், வாயில் எப்படி உட்காருகிறது, இருமல் வருகிறதா என்றெல்லாம் கேட்டாய், சிரிப்புச் சத்தம் கீழே வரைக்கும் கேட்கும். கோயிலில் பூசை முடிந்ததும் அவள் அதைக் கைப்பையிலிருந்து எடுத்து என் மருமக செஞ்சது, வெளிநாட்டுல என்று எல்லாரிடமும் காட்டுவாள். அண்ணன் மகள் மருமகள்தான், முறையில் தப்பில்லை. பெற்றவள் நான் பக்கத்தில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொன்னால் உனக்குப் புரியாது.

மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் செல்வி கீழே வந்து என் இட்லிச் சட்டியைக் கேட்டாள். "மதினி, இது வாயில வைக்கிற சாமான், வெதுவெதுப்பான தண்ணியில கழுவுனா கிருமி போயிருமா? சட்டியில ஒரு ஆவி காட்டி எடுத்துரவா?" என்றாள். அவள் இல்லாத நேரத்தில் மாடிக்குப் போய் உன் கையேட்டை முழுக்கப் படித்திருந்தேன், அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன். கூடு சோளத்திலிருந்து எடுத்த பிளாஸ்டிக், அறுபது டிகிரிக்கு மேல் தாங்காது என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தாய். இருபத்து நாலு வருடமாக வேதியியல் நடத்துகிறவளுக்கு ஆவியின் சூடு எவ்வளவு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. செஞ்சவகிட்டயே கேளு, எனக்கு என்ன தெரியும் என்றேன். அங்கே இன்னும் விடிந்திருக்காதே மதினி என்றாள். நான் சட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் பால் பாட்டிலை அதே சட்டியில்தான் ஆவி காட்டுவேன், செல்வி அதைப் பார்த்துத்தான் பழகினாள்.

பத்து நிமிடத்தில் கூட்டின் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. செல்வி அதைக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தையைக் கீழே போட்டுவிட்டவள் போல நின்றாள். எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது, பிறகு இல்லை. நான்சிக்கு மனசு நொந்துரும் மதினி, சொல்லிராதீங்க என்று கெஞ்சினாள், நான் சரியென்று தலையாட்டினேன். அன்றிலிருந்து அவள் பழைய நீல இன்ஹேலரைத்தான் அடிக்கிறாள், உன் செயலியில் தினமும் பயன்படுத்தினேன், பழுதில்லை என்று குறித்துவிடுகிறாள், ஞாயிறு தவறாமல் உன்னிடம் நன்றாக இருக்கிறது என்கிறாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது, அதனால்தான் இப்போதெல்லாம் சீக்கிரம் போனை வைக்கிறாள். உனக்கு அது தெரிந்திருக்காது.

இதை நமக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். வியாழக்கிழமை மருந்துச் சீட்டுக்காக கிளினிக் போனபோது பூட்டுக் கடை ராமர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவரும் உன் இருபது பேரில் ஒருவர். எப்படி இருக்கிறது என்று பேச்சுக்குக் கேட்டேன். "வாயில வைக்கிறத வேக வைக்காம எப்புடி டீச்சர்? வீட்டுல குக்கர்லயே வச்சுட்டா. நான்தான் கடைக் குறட்டால புடிச்சு நிமித்துனேன்" என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினார், வாய் நிமிர்ந்திருந்தது, ஓரத்தில் வெடிப்பு. இதை எழுதிக் கொடுத்தீர்களா என்றேன். "நம்ம ஊருப் புள்ள டீச்சர், அது வேலைக்கு நம்மளால எதுவும் வந்துறக் கூடாதுல்ல" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், எனக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு. போன ஞாயிறு நீ அத்தையிடம் திண்டுக்கல்லில் ஒரு கூடு கூடப் பழுதாகவில்லை, மாதக் கடைசியில் அதை வைத்துத்தான் தயாரிப்பைத் தொடங்கப் போகிறார்கள் என்று சொன்னாயாம். எனக்குத் தெரிந்தே இரண்டு கூடு போய்விட்டது, மற்ற பதினெட்டு வீட்டிலும் இட்லிச் சட்டி இருக்கிறது.

அப்பா வேண்டாம் என்றார், பிள்ளை இப்போதுதான் சந்தோஷமாக இருக்கிறாள் என்றார். ஆயிரக்கணக்கில் செய்து விற்ற பிறகு தெரிந்தால் உன் பெயர்தான் கெடும், அதைவிட இழுப்பு வந்த நேரத்தில் கோணிய வாயை வைத்து உறிஞ்சினால் மருந்து பாதிதான் உள்ளே போகும், அது யாருக்கோ நடக்கும். அதனால் எழுதுகிறேன். அறுபது டிகிரி என்று முதல் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் போட்டாலும் எங்கள் ஆட்கள் வேக வைப்பார்கள், நீ அவர்களைத் திருத்த முயலாதே. ஆவி தாங்கும் பொருளில் செய், இல்லையென்றால் வாயில் வைக்கும் பகுதியை மட்டும் கழற்றுகிற மாதிரி தனியாகத் தாங்கும் பொருளில் செய். அதற்குச் சோளம் ஒத்துவரவில்லை என்றால் சோளத்தை விட்டுவிடு. இரண்டு மாதத்தில் தூக்கிப் போடப் போகும் கூடு எதில் செய்திருந்தால் என்ன. இன்னொன்று, சொந்த ஊரில் சோதித்தாயே, உன்மேல் உள்ள பிரியத்தில் ஊரே உனக்குப் பொய் சொல்கிறது. எதையும் நம்பாத ஒருத்தி கீழ் வீட்டிலேயே இருந்தாள், அவளை விதி போட்டு வெளியே நிறுத்திவிட்டாய். அவளும் நல்லவளாக நடந்துகொள்ளவில்லை.

நேற்று மாடிக்குப் போய் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எனக்குத் தெரிந்தேதான் சட்டியைக் கொடுத்தேன் என்பதையும். அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு "எனக்கு அப்பவே தெரியும் மதினி, நீங்க கைய நீட்டுன வேகத்துலயே தெரியும்" என்றாள். கோணிய கூட்டை அவள் கைக்குட்டையிலேயே சுற்றிக் கொடுத்தாள், நாளை நாகல் நகர் கூரியரில் இந்தக் கடிதத்தோடு அனுப்பிவிடுகிறேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, ஞாயிறு பேச்சையும் நிறுத்தாதே, அது இல்லாவிட்டால் அவள் ஒடிந்துபோவாள்.

கர்த்தர் உன் கை வேலையை ஆசீர்வதிக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாதக் கடைசிக்கு முன்னால் உன் மேலதிகாரியிடம் இதைச் சொல்லிவிடு, தள்ளிப் போடாதே. அடுத்து மாற்றிச் செய்யும் கூட்டில் ஒன்றை எனக்கு அனுப்பு, கணக்கில் சேர்க்க வேண்டாம். வருகிற ஞாயிறு மாடிக்குப் பேசுவதற்கு முன்னால் எனக்குக் கூப்பிடு, நாற்பது நிமிடம் வேண்டாம், பதினைந்து போதும், அதில் சாப்பிட்டீர்களா என்று கேட்காதே. மூச்சு எப்படி இருக்கிறது என்று கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெசிந்தா சேவியர்