அணைத்த பிறகும் பேசிய ரேடியோ

அன்புள்ள அம்மா,

மூட்டுவலி தேவலையா? நான் சௌக்கியம்.

இங்கே பழைய ரேடியோ ஒலிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாற்றுகிறோம். பழைய அலைவரிசை காலி என்று நான் காதால் கேட்டு உறுதிசெய்து கையெழுத்துப் போட்டால்தான் அதை வேறு நிலையத்துக்குக் கொடுப்பார்கள். அதற்காக மேஜையில் இரண்டு பெட்டிகள். பழையது முதலில் பேசும்; அதையே டிஜிட்டல் பெட்டி கொஞ்சம் தாமதமாகச் சொல்லும். "பழசு சரியான முந்திரிக்கொட்டை" என்பார் இன்ஜினியர்.

நேற்று மதியம் பழைய ஒலிபரப்புக் கோபுரத்தை அணைத்தார்கள். பழைய பெட்டியோ அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது! இன்ஜினியர் கோபுரத்தில் இருப்பவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டார். "இங்க கரண்டே இல்லையே சார்" என்றார்கள். ஒரே சிரிப்பு.

அவர் டீ குடிக்கப் போனதும் பழைய பெட்டியில் என் குரல் கேட்டது. "அம்மா, கதவைத் திற. நான் வந்துட்டேன்."

டிஜிட்டல் பெட்டி அதை இன்னும் சொல்லவில்லை. நானும் கையெழுத்துப் போடவில்லை.

அசதிதான், பயப்படாதே. என் நீல ஸ்வெட்டரை அனுப்பு. நீ கட்டிய புடவை ஒன்றையும் சேர்த்து வை, உன் வாசனை இருக்கட்டும். வாசல் கதவில் ஆடுகிற தாழ்ப்பாளை உடனே மாற்றிவிடு.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். எனக்கு லீவு கிடைக்கவில்லை அம்மா. வாசலில் என் குரல் கேட்டால் திறந்துவிடாதே.

உன் மகள்