எழுந்து கொடுத்த இடம்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், அதைச் சுகம் என்று எழுதலாமென்றால் எழுதிக்கொள்கிறேன். நீயும் சின்னக்குட்டியும் சுகமா என்று கேட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும், கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்காமல் எப்படி இருப்பேன். பத்தொன்பது நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. அம்மா கூப்பிட்டால் எடுக்கிறாய், நான் பக்கத்தில் இருப்பது தெரிந்தால் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். உன்மேல் குறை சொல்லவில்லை. என் குரலைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும், கடிதத்தில் குரல் கேட்காது, பிடிக்காவிட்டால் மடித்து வைத்துவிட்டு இன்னொரு நாள் படிக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, இது நாலாவது.

அம்மாவின் இடுப்பு முன்னைக்குப் பரவாயில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறைவரை போய்விடுகிறாள், திரும்பி வரும்போதுதான் மூச்சு வாங்குகிறது. என்னோடு பேச்சு இல்லை. அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது, மாத்திரை எங்கே, கதவைச் சாத்துங்கள், தண்ணீர் வந்துவிட்டது என்கிற அளவுக்கு உண்டு. சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைக்கிற சத்தத்தை வைத்து அன்றைக்குக் கோபம் எவ்வளவு என்று நான் தெரிந்துகொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் மாமா வந்திருந்தார். கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, எனக்குக் கேட்கட்டும் என்றே, "கூப்பன் தர்றோம்னு சொல்லியிருப்பாங்க, மச்சான் சபலப்பட்டுட்டாரு" என்றார். ஒரு வருஷத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம் என்று விமானக் கம்பெனிக்காரர்கள் ஒரு கூப்பன் கொடுத்தார்கள், உண்மைதான். விசா இல்லாதவன் அதை வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்குத்தான் போக முடியும். வேறு ஒரு நாளாக இருந்தால் உன் மாமாவுக்குப் பதில் கொடுத்திருப்பேன், அன்றைக்கு அந்த மொட்டைமாடிக்கே ஏறிப் போய்விட்டேன். உன் அம்மாவும் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

பாப்பா, நீ நினைக்கிற மாதிரி நான் அலட்சியமாகக் கிளம்பவில்லை. உனக்குக் கழுத்தில் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது. மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார், நடுக்கடலில் இறங்கு என்றால் எங்கே இறங்குவார். அம்மாவால் நடக்கவே முடியவில்லை. மிச்சம் இருந்தது நான் ஒருவன். ஏழு மாதக் குழந்தையை இந்த ஆளிடம் கொடுத்துவிட்டு என் பெண் எப்படி ஆஸ்பத்திரியில் நிம்மதியாகப் படுப்பாள் என்று சொல்லிச் சொல்லி அம்மா எனக்கு ஒரு மாதம் பயிற்சி கொடுத்தாள். தலையணையைத் துண்டில் சுற்றிக் கையில் கொடுத்து, தலையைத் தாங்கிப் பிடி, காதில் தண்ணீர் போகாமல் ஊற்று என்று தினமும் குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் செய்தாள். மூன்று தடவை தலையணையைக் கீழே போட்டேன், மூன்று தடவையும் நிஜக் குழந்தை விழுந்த மாதிரி அலறினாள். இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாவது தடவைதான் விசா கொடுத்தார்கள், அது வந்த அன்று அவள் அழுதது எனக்குத்தான் தெரியும். விசா பதினாலாம் தேதியோடு முடிகிறது, அதற்குள் இங்கே இறங்கிவிட்டால் பிறகு சில மாதம் இருக்கலாம், ஒரு வாரம் முன்னாடியே வந்துடுங்கப்பா என்று நீ சொன்னாய். அம்மாவின் எலும்பு டாக்டரிடம் பன்னிரண்டாம் தேதி காட்ட வேண்டியிருந்தது, அதை முடித்துவிட்டுப் பதின்மூன்றாம் தேதி ஏறினால் பதினாலு காலையில் இறங்கிவிடுகிறேன், உன் ஆபரேஷன் பதினேழுதானே என்றேன். அது என் முதல் தப்பு.

இரண்டாவது தப்பை உனக்கு முழுசாகச் சொல்ல வேண்டும். போனில் நீ கேட்டபோது நான் உளறினேன். பதின்மூன்றாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு விமானம். எல்லாச் சோதனையும் முடிந்து, பெட்டியை உள்ளே அனுப்பி, கையில் போர்டிங் சீட்டோடு ஏறுகிற வாசலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். இருக்கிற இடத்தைவிட நாலு பேருக்கு அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டார்களாம், யாராவது மனமுவந்து இடத்தை விட்டுக்கொடுத்தால் நாளைக்கு இதே நேரத்து விமானத்தில் அனுப்புகிறோம், தங்க ஓட்டலும் கூப்பனும் தருகிறோம் என்று மைக்கில் ஒரு பெண் சொன்னாள். கவுண்டர் பக்கத்தில் ஒரு அம்மா இடுப்பில் குழந்தையோடு நின்று அழுதுகொண்டிருந்தாள். "நாளைக்கு எங்க அக்காவ அடக்கம் பண்றாங்க, எனக்கு சீட் இல்லேங்கறீங்களே, முகத்தையாவது பாக்க வேணாமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மைக்கில் இரண்டாவது தடவை சொன்னார்கள். மூன்றாவது தடவை சொன்னார்கள். ஒருத்தர்கூட அசையவில்லை. அத்தனை பேரும் போனைப் பார்த்தார்கள், ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தத் தூக்கம் எனக்குத் தெரியாததா. முப்பத்துநாலு வருஷம் பஸ்ஸில் அந்தத் தூக்கத்தோடுதானே சண்டை போட்டேன். கைக்குழந்தைக்காரி ஏறியிருக்கிறாள், கொஞ்சம் எழுந்து இடம் கொடுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அவர்களை மனசுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன். கண்டக்டர் உத்தியோகத்தில் உட்கார நேரம் ஏது, நான் உட்கார்ந்து கைக்குழந்தைக்காரி நிற்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. என் கால் தானாக எழுந்துவிட்டது.

மைக்கில் பேசின பெண் என்னைக் கேட்கத்தான் செய்தாள், அதை உன்னிடம் மறைக்கவில்லை. "சார், உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லியே, தேதி எல்லாம் சரியா இருக்கா" என்று கேட்டாள். ஆபரேஷன் பதினேழாம் தேதி, ஒரு நாள் தள்ளிப் போனால் ஒன்றுமில்லை என்றுதான் என் கணக்கு. விசா நினைவே வரவில்லையா என்று நீ கேட்டாய். வந்தது, பாப்பா. வந்தும் சரி என்றேன், அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. எங்கள் பஸ் டிப்போவில் ஒரு விதி உண்டு. டிக்கெட் கிழித்துவிட்டால் பயணம் தொடங்கியாயிற்று. நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் அந்த டிக்கெட்டின் பின்னால் கையெழுத்துப் போட்டு அடுத்த வண்டியில் ஏற்றிவிடுவோம், அது மறுநாள் விடிந்து வந்தாலும் செல்லும், எந்தச் செக்கிங் இன்ஸ்பெக்டரும் கேட்க முடியாது. பெட்டி உள்ளே போய்விட்டது, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திவிட்டார்கள், சீட்டில் பாதியைக் கிழிக்கப் போகிறார்கள், பயணம் தொடங்கியாயிற்று, தேதிக்குள்ளேயே கிளம்பிவிட்டேன், பிறகு எந்த வண்டியில் ஏற்றினால் என்ன என்று நினைத்தேன். அவர்கள் என் சீட்டின் பின்னால் கையெழுத்துக்கூடப் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அதோடு போய்விட்டது. ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஓட்டலுக்குப் போகிற வேனில் ஏறின உடனே உன் அம்மாவைக் கூப்பிட்டுப் பெருமை பீற்றிக்கொண்டேன். எத்தனை பேர் இருந்தாங்க தெரியுமா, நான் ஒருத்தன்தான் எந்திரிச்சேன் என்று சொன்னேன். "நல்ல காரியம்தான், ஆனா ஏதாவது குளறுபடி ஆயிடாதே" என்று அவள் கேட்டாள். உனக்கு எல்லாத்துக்கும் பயம் என்று அதட்டினேன்.

மறுநாள் கவுண்டரில் இருந்த பையன் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது இன்னியோட முடியுது, நீங்க அங்க இறங்கறப்போ பதினஞ்சு ஆயிடும்" என்றான். நான் டிப்போ விதியைச் சொன்னேன். பின்னால் இருந்த கையெழுத்தைக் காட்டினேன். அவன் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டான். அந்த மரியாதையில்தான் எனக்குப் பயம் வந்தது, இன்ஸ்பெக்டர் மரியாதையாகப் பேசினால் மெமோ நிச்சயம் என்று எங்களுக்குத் தெரியும். கையைப் பிடித்தேன், என் பெண்ணுக்கு ஆபரேஷன் என்றேன், காலில் விழவில்லை, விழுந்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. பெட்டியைத் திரும்ப எடுத்துவந்து கொடுத்தார்கள். விசா ஆபீஸில் விசாரித்தேன், முதலிலிருந்து விண்ணப்பம் போட வேண்டும், நேரில் கூப்பிடவே இரண்டரை மாதம் ஆகும் என்கிறார்கள்.

உன்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது நீ கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். விசாவைப் பற்றிக் கேட்டாய், நான் உளறினேன், பின்னால் சின்னக்குட்டி ஏதோ முனகுவது கேட்டது. பிறகு நீ சொன்னாய், "அந்தம்மா அஞ்சு நிமிஷம் அழுதது உங்களுக்குக் கேட்டுச்சு. நான் ஒரு வருஷமா அழறேன்பா." அவ்வளவுதான், வைத்துவிட்டாய். பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டோம் என்று சொல்லி உன் பதினேழாம் தேதியை அன்றே வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். உன்னோடு வேலை செய்கிற பெண் ஒரு வாரம் லீவு போட்டு வந்து இருப்பதாகச் சொன்னாளாம், மகராசி, நன்றாக இருக்கட்டும், ஆனால் அதற்குள் தேதி போய்விட்டது. இனி நாலு மாதம். தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் சொன்ன கட்டியை நாலு மாதம் கழுத்தில் சுமந்துகொண்டிருக்கப் போகிறாய். வீடியோவில் அம்மாவோடு பேசும்போது தள்ளி நின்று பார்த்தேன், கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். குளிருக்குச் சுற்றியிருக்கிறாள் என்றாள் அம்மா. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் முந்தைய மூன்று தாளிலும் எழுதவில்லை. அன்றைக்குக் கவுண்டர் பையனிடம் கெஞ்சும்போது, நான் அந்தம்மாவுக்காகத்தானே எழுந்தேன், அதையாவது எழுதிக்கொடுங்கள், விசா ஆபீஸில் காட்டுகிறேன் என்றேன். அவன் கம்ப்யூட்டரில் தேடினான். கொஞ்சம் தயங்கிவிட்டு, "சார், அந்தம்மா எப்படியும் போயிருப்பாங்க. வேற ஊர்லேருந்து வந்து ஏற வேண்டிய அஞ்சு பேர் கடைசி நிமிஷத்துல வரல. நீங்க அதுக்குள்ள வேன்ல கிளம்பிட்டீங்க. உங்க சீட் காலியாத்தான் போச்சு" என்றான். பதினாலு சி. நடக்கிற பாதையை ஒட்டின இடம், கால் மரத்துப்போனால் எழுந்து நடக்க வசதி என்று நீயே பார்த்துப் போட்டுக் கொடுத்தது. யாருமே உட்காராமல் பதினாலாம் தேதி காலையில் உன் ஊரில் வந்து இறங்கியிருக்கிறது. யாரோ ஒருத்தி அக்கா முகத்தைப் பார்த்தாள் என்று நினைத்தாவது மனசைத் தேற்றிக்கொள்ளலாம் என்றிருந்தேன், அதுவும் இல்லை என்றாகிவிட்டது. என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. உனக்குத் தெரியாமல் ஒன்றை வைத்துக்கொண்டு உன் அப்பா என்று கையெழுத்துப் போட முடியவில்லை.

நீ நன்றாக இருப்பாய், தீர்க்காயுசாக இருப்பாய், சின்னக்குட்டிக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்புவாய், அவள் உன்னிடம் சண்டை போடுவதை நான் பார்ப்பேன், பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, நீ இருந்தால் போதும். மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. குழந்தையைத் தூக்கும்போது கழுத்தை எக்காதே. ஒன்றை மட்டும் மறக்காமல் செய். தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, யாராவது தங்கள் தேதியை வேண்டாம் என்று சொன்னார்களா, எனக்குக் கிடைக்குமா என்று கேள். சலித்துக்கொள்வார்கள், மறுநாளும் கேள். கிடைத்தால் அந்த நிமிஷமே சரி என்று சொல். யார் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று விசாரிக்காதே. உன்னைவிட அவசரம் என்று ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதாலும் உன் பெயரைக் கூப்பிடும்வரை எழுந்திருக்காதே, போனைப் பார், கண்ணை மூடிக்கொள், தூங்குகிற மாதிரி இரு. சின்ன வயதிலிருந்து உனக்கு இதற்கு நேர்மாறாகத்தான் சொல்லி வளர்த்தேன். அதையெல்லாம் மறந்துவிடு, பாப்பா.

இப்படிக்கு,
உன் அப்பா