அப்பாவுக்கு ஆகாத களைமருந்து

அன்பு மகள் ஒர்னெல்லாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம். நீயும் அந்த நார்வே குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, கைகால் சூடாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். சுகம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், அதனால் பயப்படாமல் மேலே படி. போனில் சொல்லியிருந்தால் நீ அன்றைக்கே விமானம் ஏறியிருப்பாய், அப்பா என்னைத் திட்டித் தீர்த்திருப்பார்.

இந்த வருஷம் மழை முந்திக்கொண்டதில் ஓடைப்பக்கத்து வயலில் கரும்புக்குள்ளே கினிப்புல் முழங்கால் உயரம் வந்துவிட்டது. அப்பா வழக்கம்போல அசுலம் என்கிற களைமருந்தை அடிக்கக் கிளம்பினார். அது கார்பமேட் வகையாம், ஆனால் அந்த வகைப் பூச்சிமருந்து மாதிரி ஆளைச் சாய்ப்பதில்லை, "இது பரம சாது"ன்னு அவர் சொல்வதை நீயும் கேட்டு வளர்ந்தவள்தானே. போன பருவத்திலேயே அவர் மணிக்கட்டெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. என்னவென்று கேட்டால் வெயில் என்பார், சட்டைக்கையை இறக்கி விட்டுக்கொள்வார். அன்றைக்குக் கையுறை வண்டி சீட்டில் கிடந்தது, முகத்துக்குப் போடுகிற கண்ணாடித் தடுப்பு ஆணியில் தொங்கியது. மருந்தைத் தொட்டிக்கு ஏற்றுகிற குழாய் பிடி கழன்று அடித்ததில், தண்ணீர் கலக்காத மருந்து முகத்திலும் மார்பிலும் கொட்டிவிட்டது. நான் காப்பி எடுத்துக்கொண்டு போனவள், பார்த்ததும் கப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். மனுஷன் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல"ன்னு நனைந்த சட்டைக்கையாலேயே கண்ணைத் துடைக்கப் போகிறார்!

கையைத் தட்டிவிட்டு, குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு முகத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். வண்டி தூக்குகிற ஜாக்கி கேட்டு வந்திருந்த பக்கத்துப் பண்ணை ஹாதர்லி அங்கேயே நின்றுகொண்டு, "ஏன் நெரீனா, பட்டப்பகல்ல புருஷனை உரிக்கிறியே, நான் வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கட்டுமா?" என்றான். "திரும்பறது இருக்கட்டும், விஷ உதவி நம்பருக்குப் போன் போட்டு, அந்த கேன்ல என்ன எழுதியிருக்குன்னு கத்திப் படி"ன்னு நான் கத்தினேன். போனில் பேசிய பெண் நிதானமானவள். தேய்க்கக் கூடாது, இமையைப் பிரித்துப் பிடிக்கணும், தான் சொல்கிறவரை தண்ணீரை நிறுத்தக் கூடாது என்றாள். ஹாதர்லி அந்த நீளப் பேரை எழுத்துக்கூட்டிப் படிக்கப் படிக்க, "அவன் படிச்சு முடிக்கறதுக்குள்ள நான் முங்கியே செத்துருவேன்டி" என்று உங்கப்பா என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, குரல் தடித்தது. விளையாட்டுப் பேச்சு நின்றுபோய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். உங்கப்பா அப்படி என்னைப் பிடித்து நான் பார்த்ததே இல்லை ஒர்னெல்லா. உதடு வீங்குகிறது என்று ஹாதர்லி போனில் சொன்னதும் அந்தப் பெண் உடனே ஆம்புலன்ஸை அனுப்பினாள். அது வந்து சேர்கிறவரை நான் தண்ணீரை நிறுத்தவில்லை.

கண்ணுக்குச் சேதமில்லை, வீக்கமும் ஊசி போட்டதும் வடிந்தது. டாக்டர் சொன்னது இதுதான்: மருந்து மற்றவர்களுக்குச் சாதுவாக இருக்கலாம், ஆனால் வருஷக்கணக்காகத் தோலில் பட்டுப் பட்டு இவர் உடம்பு அதைப் பகையாக எடுத்துக்கொண்டுவிட்டது, இனி கொஞ்சம் பட்டாலும் இதைவிட மோசமாக வரலாம், அது பட்ட துணியைக்கூடத் தொடக் கூடாது. வீட்டுக்கு வந்த அப்பா, நான் சோளமாவுப் பொலெண்டா கிண்டி வைத்தால் அதில் கரண்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "மருந்தடிக்க ஆகாதவன் கரும்புக்கு என்னத்துக்கு நெரீனா?" என்றார். நான் நேரே நகரத்துக்குப் போய் மருந்து கையாளுகிற வகுப்பில் பேர் கொடுத்துவிட்டு வந்தேன். வகுப்பில் எல்லாம் உன் வயதுப் பையன்கள், நான் ஒருத்திதான் மூக்குக்கண்ணாடி.

இப்போது அடிப்பது நான்தான். பூட்ஸ், கையுறை, ஏப்ரன், முகத்தடுப்பு என்று என்னைப் பார்த்தால் நீயே வாசலில் நிறுத்தி யாரென்று கேட்பாய். அப்பா காற்று வருகிற திசையில் வேலியோரம் தூரமாக நின்று, "காத்து ஓடைப்பக்கம் திரும்புது, நிறுத்துடி!" என்று கூப்பாடு போடுவார். எனக்குக் கோபம் வரும், ஆனால் இலை அசைகிற திசையைப் பார்த்தால் அவர் சொல்வது சரியாக இருக்கும், நிறுத்திவிடுவேன். முடித்ததும் கையுறையைக் கழுவிவிட்டுத்தான் கழற்றுவேன், கொட்டகையிலேயே குளித்துவிடுவேன், அந்தத் துணிகளுக்குத் தனி மெஷின். "குளிச்சிட்டியா? தலைக்கும் ஊத்திக்கிட்டியா?" என்று வராந்தாவிலிருந்தே விசாரித்துவிட்டு, அப்புறம்தான் கிட்டே வந்து, என்னை ஈரத்தலையோடேயே கட்டிக்கொள்கிறார். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு காத்திருந்ததில்லை.

நீயும் வேலையிடத்தில் அந்த மீன்தொட்டிகளைக் கழுவ ஏதோ ஊற்றுகிறாய் என்றாயே, அதில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தொடு. வேறு பாட்டிலில் மாற்றி வைக்காதே. தோல் தடித்தால் குளிர் என்று சமாளிக்காமல் டாக்டரிடம் காட்டு. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கைகளுக்கு என் முத்தம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பாவிடம் கண் எப்படி என்று மட்டும் கேட்காதே. காற்று எப்படி என்று கேள். நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வார்.

உன்னை நினைத்தபடியே,
அம்மா நெரீனா